பிணைப்புச் சமநிலை குலைந்து தெரிகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழிமுறை, இராமநாதபுரம் கடற்கரை மாதிரிகளை முன்வைத்து

மண்டபத்திலும் பாம்பனிலும் தொண்டியிலும் நண்டு, மீன், பாசி மாதிரிகளைச் சேகரித்து, ஆய்வகத்தில் மரபணு மார்க்கர்களை (டி.என்.ஏ.வில் உயிரிக்கு உயிரி வேறுபடும் அடையாள இடங்களை) வாசித்து, கடைசியில் மென்பொருள் தரும் அட்டவணையில் இணை இணையாகப் பிணைப்புச் சமநிலை (இரண்டு இடங்களின் மரபணு வடிவங்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்கும் நிலை) குலைந்திருப்பதைப் பார்க்கும் முதுநிலை மாணவர், "இந்த மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன" என்ற முடிவுக்குத்தான் முதலில் வருகிறார். அந்த முடிவு சரியாக இருக்கும் தருணங்களும் உண்டு. ஆயினும், இரண்டு கடல்கள் ஒரு கால்வாயின் இருபுறமும் கிடக்கும் இந்தக் கடற்கரையில் மாதிரி எடுப்பவர் அந்தக் காரணத்தைக் கடைசியில்தான் எண்ண வேண்டும். எந்த அறிகுறிக்கு எந்தக் காரணத்தை முதலில் சந்தேகிப்பது, அதை எப்படிச் சோதிப்பது என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதலில் அளவீடு

குரோமோசோமின் ஓர் இருப்பிடத்தில் க1, க2 என்ற அல்லீல்களும் (அங்கே வரக்கூடிய மாற்று வடிவங்களும்) மற்றோர் இருப்பிடத்தில் ப1, ப2 என்ற அல்லீல்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கேமீட்டில் (விந்து அல்லது முட்டை அணுவில்) க1 இருப்பது தெரிந்தபின்னும், அதில் ப1 இருக்கும் வாய்ப்பு முன்பிருந்தபடியே இருந்தால், அந்த இரண்டு இருப்பிடங்களும் பிணைப்புச் சமநிலையில் உள்ளன. இனக்கூட்டத்தில் க1 இன் விகிதம் 0.6, ப1 இன் விகிதம் 0.5 என்றால், இரண்டும் ஒரே கேமீட்டில் சேர்ந்த ஹாப்லோடைப் (அல்லீல் சேர்க்கை) 0.30 ஆக இருக்க வேண்டும். அது 0.38 ஆக இருந்தால், வேறுபாடான 0.08 தான் டி மதிப்பு, அதாவது சமநிலையிலிருந்து விலகல். இந்த விகிதங்களில் டி அடையக்கூடிய உச்சம் 0.20 என்பதால், உச்சத்தோடு ஒப்பிட்ட அளவான டி பிரைம் 0.4 ஆகிறது. டி மதிப்பின் வர்க்கத்தை நான்கு அல்லீல் விகிதங்களின் பெருக்கலான 0.06 ஆல் வகுத்தால், தொடர்பின் வலுவைக் காட்டும் ஆர் வர்க்கம் ஏறத்தாழ 0.107 எனக் கிடைக்கும்.

பெயரில் 'பிணைப்பு' இருப்பதால் வரும் குழப்பம் பெரிது. 1960இல் லெவொன்டினும் கோஜிமாவும் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். ஆனால் அந்த அளவீடு சொல்வது அல்லீல்களுக்கு இடையே உள்ள புள்ளியியல் தொடர்பை மட்டுமே. குரோமோசோமில் அவை எங்கே இருக்கின்றன என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. இடநெருக்கம் தீர்மானிப்பது அந்தத் தொடர்பு எவ்வளவு மெதுவாகக் கரைகிறது என்பதைத்தான். ஒவ்வொரு தலைமுறையிலும் டி மதிப்பு, ஒன்றிலிருந்து மறுகூட்டிணைவு (கேமீட் உருவாகும்போது அல்லீல் சேர்க்கைகள் மாறி அமைதல்) விகிதத்தைக் கழித்த அளவால் பெருக்கப்படுகிறது. வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள மரபணுக்களுக்கு அந்த விகிதம் 0.5, ஆகவே டி தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். மறுகூட்டிணைவு விகிதம் 0.01 ஆக இருந்தால், பாதியாவதற்கு ஏறத்தாழ 69 தலைமுறைகள் வேண்டும். ஒரு கணக்குக்காக, ஆண்டுக்கு ஒரு தலைமுறை என வளரும் ஓர் உயிரினத்தின் இரண்டு கூட்டங்கள் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது கலந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அறுபது தலைமுறைகள் கழிந்தபின்னும், அப்படி நெருங்கிய இரண்டு மரபணுக்களுக்கு இடையே அன்று உண்டான டி மதிப்பில் பாதிக்கு மேல் இன்னும் எஞ்சியிருக்கும். தொலைவில் உள்ள மரபணுக்களிலோ, அது பத்தே தலைமுறைகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டிருக்கும்.

அறிகுறி: பல இணைகளில் ஒரே நேரத்தில் விலகல், கூடவே ஹெட்டிரோசைகஸ் உயிரிகள் (ஓர் இருப்பிடத்தில் இரு வேறு அல்லீல்கள் கொண்டவை) குறைவு

இந்தக் கரையில் அதிகம் காணக்கூடிய அறிகுறி இதுதான். இதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது கலப்பு மாதிரியை. இரண்டு தனித்தனிக் கூட்டங்களை ஒன்றெனக் கருதி எடுத்தால், ஒவ்வொன்றும் உள்ளுக்குள் முழுச் சமநிலையில் இருந்தாலும், சேர்ந்த மாதிரியில் விலகல் தோன்றும். ஒரு இருப்பிடத்தில் ஹெட்டிரோசைகஸ் குறைவு தோன்றுவதை 1928இல் ஸ்டென் வாலுண்ட் விளக்கினார். அதே தர்க்கம் இரண்டு இருப்பிடங்களுக்கும் நீள்கிறது.

கணக்கைப் பாருங்கள். பாக் நீரிணைப் பக்கத்துக் கூட்டத்தில் க1 இன் விகிதம் 0.8, ப1 இன் விகிதம் 0.7 என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தில் அவை முறையே 0.2, 0.3 என்றும் கொள்வோம். முதல் கூட்டத்தில் க1ப1 ஹாப்லோடைப் 0.56, இரண்டாவதில் 0.06, இரண்டிலும் டி பூச்சியம். சரிபாதியாகக் கலந்த மாதிரியில் அந்த ஹாப்லோடைப் 0.31 ஆக இருக்கும். ஆனால் கலந்த மாதிரியில் இரண்டு அல்லீல்களின் விகிதமும் 0.5 என்பதால், எதிர்பார்ப்பு 0.25 தான். எங்கும் இல்லாத விலகல் 0.06 அளவுக்கு முளைத்துவிட்டது. அதே மாதிரியில் முதல் இருப்பிடத்தின் ஹெட்டிரோசைகஸ் விகிதம் 0.50 க்குப் பதிலாக 0.32 ஆகவும், இரண்டாவதில் 0.42 ஆகவும் இருக்கும். விலகலும் ஹெட்டிரோசைகஸ் குறைவும் சேர்ந்து வருவதுதான் கலப்பின் கையெழுத்து. எந்த இருப்பிடத்தில் இரண்டு கூட்டங்களும் அதிகம் வேறுபடுகின்றனவோ, அந்த இருப்பிடம் பங்கேற்கும் இணைகளில் விலகலும் அதிகமாக இருக்கும் என்பதையும் அட்டவணையில் சரிபார்க்கலாம்.

கலப்பு எங்கே நேர்கிறது என்பதைக் கரையில்தான் தேட வேண்டும். பாம்பனுக்கு வடகடலும் (பாக் நீரிணைப் பக்கம்) உண்டு, தென்கடலும் (மன்னார் வளைகுடாப் பக்கம்) உண்டு. மண்டபத்திலும் வடக்கு இறங்குதளம் வேறு, தெற்கு இறங்குதளம் வேறு. நீலக்கால் நண்டை வியாபாரியின் வாடியில் எடுத்தால், பல வல்லங்களின் பிடிப்பு ஏற்கெனவே தரம் பிரித்து ஒன்றாகக் கொட்டப்பட்டிருக்கும். குப்பியின் மேல் "பாம்பன்" என்று மட்டும் எழுதிக் கொண்டுவருவது கலப்பை ஆய்வகத்துக்குள் அழைத்து வருவதற்குச் சமம். படகு கரை சேரும் இடத்தில், வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போதே எடுத்து, எந்தக் கடல், எந்தப் பாடு (மீன்பிடி இடம்), எத்தனை பாகம் ஆழம் என்பவற்றைப் படகுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்வதே முறை. வலை போட்ட அண்ணனுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த மென்பொருளுக்கும் அந்த நண்டின் ஊர் தெரியாது.

கலப்பு ஊரால் மட்டும் வருவதில்லை. போர்ட்டுனஸ் பெலாஜிகஸ் என்று ஒரே பெயரில் நெடுங்காலம் வழங்கப்பட்ட நண்டு, 2010இல் வெளியான வகைப்பாட்டு மறுஆய்வில் நான்கு இனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய தோற்றமுடைய இரண்டு இனங்கள் ஒரு மாதிரிக்குள் இருந்தால், குரோமோசோம்கள் அனைத்திலும் ஏறக்குறைய எல்லா இணைகளும் விலகலைக் காட்டும். ஆகவே, மைட்டோகாண்ட்ரியா வரிசையைக் கொண்டு இன அடையாளத்தை உறுதிசெய்வதைத் தவிர்க்கலாகாது.

சோதனை எளியது: மாதிரியைக் கடல்வாரியாகவும் பருவவாரியாகவும் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே கணக்கிடுங்கள். பிரித்ததும் விலகலும் ஹெட்டிரோசைகஸ் குறைவும் ஒருசேர மறைந்தால், காரணம் கலப்பு. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மாதிரியைப் பாதியாக்கினால் சோதனையின் வலுவும் குறையும். ஆகவே பி மதிப்பு (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) 0.05 ஐத் தாண்டிவிட்டது என்பதை மட்டும் கொண்டு "மறைந்தது" என்று சொல்லாமல், டி மதிப்பே சுருங்கியதா என்று பார்க்க வேண்டும். விசைப்படகுகளுக்கான தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எடுத்த மாதிரிகள் நாட்டுப்படகுகளின் கரையோரப் பிடிப்பாகவே இருக்கும் என்பதால், அவற்றை மற்ற மாதங்களின் மாதிரிகளோடு கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதும் நல்லதல்ல.

அறிகுறி: ஹார்டி–வெய்ன்பெர்க் விகிதம் சரி, ஆயினும் தொலைவிலுள்ள மரபணுக்களிடையே விலகல்

ஹார்டி–வெய்ன்பெர்க் சமநிலை, அதாவது ஓர் இருப்பிடத்தின் மரபுவகைகள் அல்லீல் விகிதங்களிலிருந்து எதிர்பார்க்கும் அளவில் இருப்பது, ஒரே தலைமுறைத் தற்செயல் இனச்சேர்க்கையில் திரும்பிவிடும். பிணைப்புச் சமநிலை அப்படித் திரும்பாது. இந்த வேறுபாட்டை ஜென்னிங்ஸ் 1917இலும் ராபின்ஸ் 1918இலுமே கணக்கிட்டுக் காட்டினர். மேலே கண்ட இரண்டு கூட்டங்கள் உண்மையிலேயே ஒன்றாகச் சேர்ந்து இனப்பெருக்கம் செய்தால், முதல் தலைமுறைக் குஞ்சுகளிலேயே ஹெட்டிரோசைகஸ் குறைவு நீங்கிவிடும். ஆனால் டி அவற்றில் 0.06 ஆகவே இருக்கும். தொலைவிலுள்ள இருப்பிடங்களில் அதற்கடுத்த தலைமுறையில் 0.03, பிறகு 0.015 என்று இறங்கும். ஆகவே இந்த அறிகுறி அண்மைக் காலக் கலப்பைச் சுட்டலாம். வாடைக்காலத்தில் வடகடல் நீர் தெற்கே ஓடுவதும், காற்று மாறினால் நீரோட்டமும் மாறுவதும், நண்டின் இளம்பருவ லார்வாக்கள் சில வாரங்கள் மிதவையாகவே வாழ்வதும் இந்தச் சாத்தியத்துக்கு இடம் தருகின்றன.

இரண்டாவது சாத்தியம், பெற்றோர் மிகச் சிலராக இருப்பது. குஞ்சுப் பொரிப்பக மாதிரிகளில் இதுவே முதற்காரணம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், கோபியா என்னும் கடல் விராலை 2010இலும் வெள்ளிப் பாம்பனோவை 2011இலும் நாட்டிலேயே முதன்முறையாகச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்வித்தது. அதன்பின், கூண்டுகளில் வளரும் மீனை மாதிரியாக எடுக்கும் ஆய்வுகளும் எளிதாயின. தாய்மீன்கள் சில மட்டுமே கொடுத்த குஞ்சுகளை எடுத்துச் சோதித்தால், மரபியல் நகர்வினால் (அல்லீல் விகிதங்கள் தற்செயலாக மாறுவதால்) தொலைவிலுள்ள மரபணுக்களும் தொடர்புற்றே தெரியும்.

இங்கே விலகலைப் பிழை என்று தள்ளாமல் பயன்படுத்திக்கொள்ளலாம். பிணைப்பற்ற இருப்பிடங்களில் ஆர் வர்க்கத்தின் சராசரி, தோராயமாக, பயனுறு இனக்கூட்ட அளவின் (மரபியல் கணக்கில் எத்தனை பெற்றோருக்குச் சமம் என்பதன்) மூன்று மடங்கின் தலைகீழும் மாதிரி எண்ணிக்கையின் தலைகீழும் சேர்ந்தது. 40 மீன்களை எடுத்துச் சராசரி 0.092 என்று கண்டால், அதில் 0.025 மாதிரி அளவினால் வருவது. மீதமுள்ள 0.067 இலிருந்து பயனுறு அளவு ஐந்து என்று கிடைக்கும். குளத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் நீந்தினாலும் மரபியல் கணக்கில் அவை ஐந்து பெற்றோரின் அளவுதான். அண்ணன் தங்கைகளை அடையாளம் கண்டு, குடும்பத்துக்கு ஒன்றாகக் குறைத்து மீண்டும் கணக்கிட்டால் விலகல் பெரிதும் தணியும். ஆனால் பயனுறு அளவை மதிப்பிடுவதுதான் நோக்கமென்றால், அப்படிக் குறைக்கக் கூடாது. குறைத்தால் மதிப்பீடு செயற்கையாக உயர்ந்துவிடும்.

அறிகுறி: நூறு இணைகளில் நாலைந்து மட்டும்

இது பெரும்பாலும் ஒன்றுமில்லை. 15 மைக்ரோசாட்டிலைட்டுகளில் (குறுந்தொடர் திரும்பத் திரும்ப வரும் மார்க்கர்களில்) 105 இணைகள் உண்டு. எல்லாம் சமநிலையில் இருந்தாலும் 0.05 என்ற எல்லையில் ஐந்து இணைகள் தற்செயலாகவே சிவக்கும். பல சோதனைகளுக்காக எல்லையைக் கடுமையாக்கும் போன்ஃபெரோனி திருத்தமோ பெஞ்சமினி–ஹாக்பெர்க் முறையோ போதும். திருத்தியபின்னும் ஒரே இணை எல்லா ஊர் மாதிரிகளிலும் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் கீழேயுள்ள அறிகுறிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: ஒரே இணை, எல்லா மாதிரிகளிலும்

தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, மூக்கையூர் என்று எங்கே எடுத்தாலும் அதே இணை அதே திசையில் விலகுகிறது என்றால், அப்போதுதான் உண்மையான இடநெருக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். டி.என்.ஏ.வைத் துண்டாக்கி வாசிக்கும் முறைகளில் ஒரே துண்டுக்குள் இரண்டு மூன்று எஸ்.என்.பி.கள் (ஒற்றை எழுத்து வேறுபாடுகள்) வருவது வழக்கம். துண்டுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மரபுத்தொகுதி வரிசை கிடைக்கும் இனமாயின், பிளிங்க் போன்ற மென்பொருளில் 50 எஸ்.என்.பி. கொண்ட சாளரத்தை ஐந்தைந்தாக நகர்த்தி, ஆர் வர்க்கம் 0.2 க்கு மேற்பட்ட இணைகளில் ஒன்றை நீக்குவது பரவலான நடைமுறை. இதில் 0.2 என்பது இயற்கை விதியல்ல, வசதிக்கான எல்லை. உங்கள் மாதிரி சிறியதாயின் அதை ஆராயாமல் ஏற்க வேண்டியதில்லை.

அறிகுறி: பாசியில் எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்பு

மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியை வேதாளையிலோ மண்டபத்திலோ எடுத்துச் சோதிப்பவர் இந்த அறிகுறியைத் தவறாமல் காண்பார். அந்தப் பாசி இந்தக் கடலுக்கு உரியதன்று. கொண்டுவரப்பட்டு, அறுவடையின்போது எடுத்துவைத்த துண்டுகளையே மீண்டும் கயிற்றில் கட்டி வளர்க்கப்படுகிறது. பாலினப் பெருக்கம் இல்லாத இடத்தில் மறுகூட்டிணைவும் இல்லை. ஆகவே டி கரைவதற்கு வழியே இல்லை. நூறு மிதவைகளில் எடுத்த நூறு துண்டுகளும் மரபியல் கணக்கில் ஓரிரு உயிரிகளாகவே இருக்கக்கூடும்.

ஒரே பல்லிருப்பிட மரபுவகை (எல்லா இருப்பிடங்களிலும் ஒரே அல்லீல்கள்) கொண்டவற்றை ஒன்றாகக் குறைத்தபின் கணக்கிடுவது வழக்கமான திருத்தம். அப்படிக் குறைத்தபின்னும் விலகல் நீடித்தால் அந்தக் கூட்டத்தில் பாலினப் பெருக்கம் அரிது என்பதை அது சுட்டலாம்; மேலே சொன்ன கலப்பையும் விலக்கிப் பார்க்க வேண்டும். குறைத்தபின் மூன்றே மரபுவகைகள் எஞ்சினால், சமநிலை உண்டா என்ற கேள்வியே பொருளற்றதாகிவிடும். அந்த நிலையில் சோதனையை விட்டுவிடுவதே நேர்மை. நம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி போன்ற இயற்கைப் பாசிகளில் பாலினப் பெருக்கமும் உண்டு, துண்டிலிருந்து வளர்வதும் உண்டு. அங்கே இந்தச் சோதனை இரண்டின் பங்கையும் பிரித்தறிய உதவும். கிளை உடைந்து பரவும் மான்கொம்புப் பவளங்களுக்கும் இதே வழிமுறைதான். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு துண்டுப் பவளத்தையும் எடுக்க முடியாது.

அறிகுறி: டி பிரைம் ஒன்று, ஆர் வர்க்கமோ மிகச் சிறியது

இது அரிய அல்லீலின் வேலை. க1 இன் விகிதம் 0.05 ஆகவும், அது ப1 உடன் மட்டுமே காணப்படுவதாகவும், ப1 இன் விகிதம் 0.5 ஆகவும் இருந்தால், டி 0.025, உச்சமும் 0.025, ஆகவே டி பிரைம் ஒன்று. ஆர் வர்க்கமோ 0.053 தான். நான்கு ஹாப்லோடைப்புகளில் ஒன்று மாதிரியில் தென்படவில்லை என்பதைத்தான் டி பிரைம் சொல்கிறது. சிறு மாதிரியில் அரிய ஹாப்லோடைப் தென்படாமல் போவது இயல்பு. 0.05 க்குக் குறைந்த அல்லீல்களை நீக்கிவிட்டு, ஆர் வர்க்கத்தை முதன்மையாகக் கொள்ளுங்கள்.

அறிகுறி: மென்பொருள் மாற்றினால் விடையும் மாறுகிறது

இரண்டு இருப்பிடங்களிலும் ஹெட்டிரோசைகஸாக இருக்கும் நண்டில், க1 எந்தக் குரோமோசோமில் ப1 உடன் சேர்ந்திருக்கிறது என்பது மரபுவகையைப் பார்த்தால் தெரியாது. சில மென்பொருள்கள் ஹார்டி–வெய்ன்பெர்க் விகிதத்தை நம்பி அதை ஊகிக்கின்றன. அந்த விகிதமே குலைந்த மாதிரியில் அந்த ஊகம் தவறும். அப்போது, ஊகம் தேவைப்படாத பரோஸின் கூட்டு அளவீட்டைக் கொள்ள வேண்டும். வெயிலில் கிடந்த மீனின் சிதைந்த டி.என்.ஏ., ஊர்வாரியாகத் தனித்தனித் தட்டுகளில் ஓட்டிய மாதிரிகள் ஆகியவையும் இப்படிப்பட்ட பொய்த் தொடர்புகளை உண்டாக்கும். பல ஊர் மாதிரிகளையும் ஒவ்வொரு தட்டிலும் கலந்து வைப்பது இதற்கு மலிவான காப்பு.

அறிகுறி: ஒரு குரோமோசோமின் நீண்ட பகுதி முழுவதும் ஒரே கட்டியாக

மற்ற இடங்களில் விலகல் விரைவாகக் கரைந்து, ஓரிடத்தில் மட்டும் நெடுந்தூரம் நீடித்தால், குரோமோசோம் தலைகீழ்த் திருப்பத்தைச் சந்தேகிக்கலாம். திரும்பிய வடிவமும் திரும்பாத வடிவமும் கொண்ட ஹெட்டிரோசைகஸ் உயிரியில் அந்தப் பகுதியின் மறுகூட்டிணைவு பெரிதும் ஒடுக்கப்படுகிறது. அட்லாண்டிக் காட் மீனில் இத்தகைய பெரிய பகுதிகள் நன்கு ஆராயப்பட்டுள்ளன. அந்தப் பகுதியின் எஸ்.என்.பி.களை மட்டும் முதன்மைக்கூறு ஆய்வுக்கு (மரபு ஒற்றுமைப்படி உயிரிகளைத் திரட்டிக் காட்டும் முறைக்கு) உட்படுத்தினால், உயிரிகள் மூன்று திரள்களாகப் பிரியும். நடுத்திரளில் ஹெட்டிரோசைகஸ் விகிதம் உயர்ந்திருக்கும். கடலுக்குக் கடல் அந்த வடிவங்களின் விகிதம் மாறினால், மற்ற மரபுத்தொகுதியோடு கலக்காமல் அதைத் தனியே ஆராய வேண்டும்.

அறிகுறி: பிணைப்பு உறுதி, விலகல் இல்லை

இதில் சரிசெய்ய எதுவும் இல்லை. பெரிய, நிலையான, நெடுங்காலம் கலந்து பெருகிய கூட்டத்தில், ஒரே குரோமோசோமின் அண்டை மரபணுக்களும் சமநிலையை அடைந்துவிடும். கோடிக்கணக்கில் முட்டையிடும் கடல் உயிரினங்களில் விலகல் மிகக் குறுகிய தூரத்திலேயே கரைந்துவிடுவதைக் காணலாம். குடும்ப ஆய்வில் கண்ட பிணைப்பும் இனக்கூட்ட ஆய்வில் கண்ட சமநிலையும் ஒன்றையொன்று மறுப்பதில்லை.

அறிகுறி: எங்கும் எதுவும் இல்லை

இருபது நண்டுகளை வைத்துக்கொண்டு எல்லா இணைகளும் சமநிலையில் உள்ளன என்று மகிழ்வதற்கு முன், அந்த மாதிரியில் எவ்வளவு பெரிய விலகலைக் கண்டிருக்க முடியும் என்று கணக்கிடுங்கள். பிணைப்பே இல்லாத இருப்பிடங்களிலும் இருபது உயிரிகளில் ஆர் வர்க்கம் சராசரியாக 0.05 வரும், அதை ஒட்டிய சிறு விலகல் எதுவும் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். மேலும், வடகடல், தென்கடல் இரண்டிலும் ஒரே விகிதத்தில் இருக்கும் மார்க்கர்களைத் தேர்ந்தெடுத்திருந்தால், எவ்வளவு கலந்தாலும் கலப்பினால் விலகல் தோன்றாது. ஆகவே அறிக்கையில் "கூட்டம் ஒன்றே என்பது உறுதியாயிற்று" என்று எழுத வேண்டாம். "இத்தனை உயிரிகளில், இந்த மார்க்கர்களில், இந்த அளவுக்கு மேற்பட்ட விலகல் தென்படவில்லை" என்று எண்களோடு எழுதுங்கள்.